ராஜப்பாவுக்கு விட்ட இடம்

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுகிற பிள்ளைகள் நீங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறீர்களாம். கல்கத்தாவில் இதே வேலையைச் செய்து ஓய்ந்துபோன தமிழ்க்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லப்போய், அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் உற்சாகமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அலுத்துப்போய்த்தான் நான் இந்த வேலையை விட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து, கழுத்துக்குப் பட்டை, மௌஸைப் பிடித்துப் பிடித்து மடக்க முடியாமல் போன மணிக்கட்டு, எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த நிறம் வரும் என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் கற்றுக்கொண்ட மென்பொருள் எதுவும் இப்போது புழக்கத்தில் இல்லை. இன்றைக்கு இயந்திரமே நொடியில் வண்ணம் பூசித் தந்துவிடுகிறது. எல்லார் புடவைக்கும் ஒரே மங்கிய ஊதா, எல்லார் முகத்துக்கும் ஒரே பிஸ்கட் நிறம். அதைத் திருத்துவதுதான் இனிமேல் உங்கள் பிழைப்பு.

வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அப்பாவைக் கொஞ்சம் சிவப்பாக்குங்கள் என்பார்கள். மூடியிருக்கிற கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். விவாகரத்தாகிப் போன மருமகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைக்கச் சொல்வார்கள். செத்துப்போன அம்மாவைப் பேரன் கல்யாணத்தில் நிறுத்தச் சொல்வார்கள். நான் யாரிடமும் வாதாடியதில்லை. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். என் கையால் நிறையப் பூந்தொட்டிகள் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. கடைசி வருடத்தில் வந்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கடை பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. என் வீடு சாந்த்ராகாச்சியில். அப்பா ரயில்வே யார்டில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் பிறந்தவள் நான், கல்யாணமாகியும் அந்த ஊரை விட்டு நகரவில்லை. தினமும் லோக்கல் ரயிலில் ஹவுரா, அங்கிருந்து பஸ். சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுராவுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் அதற்குள் வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. ஹவுராவில் பிளாட்பாரம் காலியாகிற வரைக்கும் வெளியூர் வண்டிகளும் சாந்த்ராகாச்சியில்தான் தவம் கிடக்கும். என் ஆயுசில் பாதி அந்த சிக்னலைத் திட்டுவதில் போய்விட்டது. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்று பிறகு தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சுந்தரம் என்பவர் வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், பாட்டனார் காலத்திலிருந்து பாலிகஞ்சில்தான் இருக்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அதனால் காலர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, தூங்கிப் பல நாளான முகம். என்னிடம் வங்காளியில் பேச ஆரம்பித்தவர், நான் யாரோடோ போனில் தமிழில் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கொண்டுவந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ. முற்றத்தில் ஜமக்காளம் விரித்து எடுத்தது. நடுவில் மாலையோடு மணமக்கள், இரண்டு பக்கமும் நாற்காலிகளில் பெரியவர்கள், தரையில் குழந்தைகள், பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. அந்தப் பின் வரிசையில் பெண்ணின் அம்மா. அவளுக்கு இடப்பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. அந்தச் சந்தில் பின்சுவரும் ஜன்னல் கதவும் தெரிந்தன. படத்தின் மேல் மூலையில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் மெல்லிய மீசையோடு ஒரு இளைஞன். அந்தக் காலத்தில் குரூப் போட்டோவுக்கு வர முடியாமல் போனவர்களை இப்படித்தான் மூலையில் ஒட்டுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"இது எங்கம்மா" என்று கல்யாணப் பெண்ணைக் காட்டினார் சுந்தரம். "பின்னாடி நிக்கறது பாட்டி. மேல இருக்காரே, அவர் ராஜப்பா மாமா. அம்மாவுக்கு ஒரே அண்ணா. ஜாம்ஷெட்பூர்ல வேலை. கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம் ஹவுராவுல வந்து இறங்கியிருக்கணும். நல்ல மழை, தண்டவாளமெல்லாம் ஜலம். வண்டி சாந்த்ராகாச்சியில நின்னுடுத்து."

"இன்னிக்கும் அங்கதான் சார் நிக்குது" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "தாலி கட்டி, போட்டோ எடுத்து, எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் வந்து சேர்ந்தாராம். எல்லாரும் கேலி பண்ணினாளாம். அப்புறம் அவர் படத்தை வாங்கி மேல ஒட்டியிருக்கா. நன்னா இருந்தார் மனுஷர். போய் ரொம்ப வருஷமாச்சு."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவர் அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

"ஆத்துல நானும் அவளும்தான். காலம்பற என்னை அப்பாங்கறா. மத்தியானம் நீ யாருங்கறா. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். சாயங்காலமானா ஒரே கேள்வி. அண்ணா வந்தாச்சா? வண்டி வந்தாச்சா? அவர் செத்துப்போயிட்டாரும்மான்னு சொன்னா, அப்பத்தான் கேக்கறா மாதிரி அழறா. அழுதது மறந்ததும் மறுபடி கேக்கறா. சொன்ன பேச்சு ஒண்ணும் கேக்கறதில்லை. சோபாவுல நன்னா நடுவுல உக்காரும்மான்னா மாட்டா. ஓரத்துலேயே தொத்திண்டு உக்காருவா. ஒருநாள் கீழ விழுந்தும் வச்சா."

மூலையில் இருந்த முட்டை வடிவப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மாமாவைக் கீழ இறக்கி, பாட்டி பக்கத்துல அந்த இடத்துல நிறுத்திடுங்கோ. கலரும் பண்ணிடுங்கோ. இதோ பாரு, வந்துட்டார்னு காமிச்சுடறேன். நிம்மதியா இருப்பா. இதுவும் சரிப்படலைன்னா ஊருக்கு வெளில ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். அங்க கொண்டு விடறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை. முடியலை மேடம்."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. என் மாமியாரை வைத்துப் பார்த்தவள் நான், அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். கேட்டதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூந்தொட்டி வைக்கச் சொல்கிறவர்களோடு ஒப்பிட்டால் இவர் தெய்வம்.

வண்ணம் ஏற்றுகிற வேலையை, கடையில் என்னோடு இருந்த வங்காளிப் பெண் மௌமிதாவிடம் கொடுத்தேன். கெட்டிக்காரி, என்னைவிட வேகம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல்யாணப் பெண்ணை முடித்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ரத்தச் சிவப்பில் பெனாரசிப் புடவை. வளையல்களை வெள்ளைச் சங்கு வளையலாக்கியிருந்தாள். வகிட்டில் நீளமாகச் சிந்தூரம். தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி முழு வங்காளி மருமகளாகி உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னடி கூத்து?" என்றேன்.

"பியேர் ஷாரி தோ லால்-இ ஹொபே, சாந்தாதி" என்றாள். சாந்தாதி என்றால் சாந்தா அக்கா, நான்தான். கல்யாணப் புடவை என்றால் சிவப்பாகத்தானே இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தெரியாத இடத்தில் கை தனக்குத் தெரிந்ததைத்தான் போடும். நீங்கள் ஒரு வங்காளிக் கல்யாணத்துக்கு வண்ணம் ஏற்றினால் மணப்பெண்ணுக்கு மல்லிகைப்பூ வைத்துவிடுவீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

சுந்தரத்துக்குப் போன் செய்தேன். அம்மாவின் கூரைப்புடவை என்ன நிறம் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த மகனுக்குத்தான் தெரியும்? போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே திரும்பி, "அம்மா, உன் கூரைப்புடவை என்ன கலர்?" என்று கத்தினார். தூரத்திலிருந்து ஒரு குரல் தயங்காமல் வந்தது.

"அரக்கு. பச்சைக் கரை, கரையில யானை. அம்மா கட்டிண்டிருந்தது மாம்பழக் கலர் பட்டு. அதையும் சொல்லு அவாகிட்ட."

"காலம்பற நான் யாருன்னு தெரியலை அவளுக்கு" என்றார் சுந்தரம். அவருக்கே வியப்பு தாங்கவில்லை. நானும் அரக்கு, பச்சை, மாம்பழம் என்று குறித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தக் கல்யாண நாள் மட்டும் அவளிடம் ஒன்றுவிடாமல் இருக்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ஆளைச் சேர்க்கிற வேலையை நானே செய்தேன். மூலையில் இருந்த ராஜப்பாவுக்கு மார்பு வரைதான் உடம்பு. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவருடைய தோளையும் கையையும் இரவல் வாங்கி ஒட்டினேன். அவர் ஸ்டுடியோ விளக்கில் எடுத்த முகம், இவர்கள் மழைமேகம் மூடிய முற்றத்தில் நிற்கிறவர்கள். அந்த வெளிச்சத்தைச் சரிக்கட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒருவழியாக ராஜப்பா தன் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நன்றாகத்தான் நின்றார்.

எழுந்து போய்க் கதவருகே நின்று படத்தைப் பார்த்தேன். அது என் வழக்கம், தூரத்திலிருந்து பார்த்தால்தான் பொய் தெரியும். தெரிந்தது. படத்தில் எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் மட்டும் தலையை வலப்பக்கம் திருப்பி, படத்துக்கு வெளியே, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடது கை நீண்டு, காலியாக இருந்த இடத்துக்கு முன்னால் இருக்கிற நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறது. முன்பு அது கண்ணை உறுத்தவில்லை. இப்போது பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறான், அம்மா அவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறாள்.

சுந்தரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதையும் திருப்பிடுங்கோளேன்" என்றார்.

"பாட்டியோட வேற படம் இருக்கா சார்? அதுலேருந்து கண்ணை எடுக்கலாம்."

"இல்லை. இருக்கறது இது ஒண்ணுதான்."

"அப்ப மெஷின் தானா ஒரு கண்ணை வரைஞ்சு வைக்கும். அது உங்க பாட்டி கண்ணா இருக்காது. அந்தம்மாவுக்கு உலகத்துல இருக்கறதே இந்த ஒரு படம்தான். எனக்கு மனசு வரலை சார்."

"சரி, விடுங்கோ. மாமா வந்துட்டாரோன்னோ, அது போறும். பாட்டி எங்க பாக்கறான்னு யாரு கவனிக்கப்போறா."

படத்தை வாங்கிப்போய் வீட்டில் மாட்டிய முதல் வாரம் எல்லாம் நல்லபடியாக இருந்தது. அம்மா படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அண்ணா வந்துட்டானா என்று சிரித்தாள், கேள்வி நின்றுவிட்டது என்று சுந்தரம் போனில் சொன்னார். குரலே மாறியிருந்தது. கடைக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு அனுப்பிவைத்தார். மௌமிதாவும் நானும் பங்கு போட்டுத் தின்றோம்.

அடுத்த வாரம் நேரில் வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"இப்ப என்ன கேக்கறா தெரியுமா? அம்மா யாரைப் பாக்கறா? அண்ணாதான் வந்துட்டானே, இன்னும் யாருடா வரணும்? இதையே நாளெல்லாம் கேக்கறா. முன்னாடியாவது வண்டி லேட்டும்மான்னு ஏதாவது சொல்லலாம். இதுக்கு நான் யார் பேரைச் சொல்வேன்? நேத்து நான் குளிச்சுட்டு வரதுக்குள்ள கதவைத் திறந்துண்டு மாடியிலேருந்து இறங்கிப் போயிட்டா. கேட்டுகிட்ட நின்னுண்டு ரோட்டைப் பாத்துண்டிருந்திருக்கா. கேட்டுல காவலுக்கு இருக்கற தர்வான் பாத்துக் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்தான். ஒரு மினி பஸ் வந்து உரசியிருந்தா என்ன ஆகும்?" மூச்சு வாங்கினார். "கண்ணைத் திருப்பிடுங்கோ மேடம். யார் கண்ணா இருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை ஹோம்ல வரச் சொல்லியிருக்கா. அதுக்குள்ள இது நிக்கலைன்னா கொண்டு விட்டுடுவேன்."

வாதாடுகிற நிலையில் அவர் இல்லை. நாளைக்கு நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மௌமிதா கண்ணைத் திருப்பினாள். அது ஒரு வேலையே இல்லை, இயந்திரம் கேட்டவுடன் கொடுத்தது. அந்த அம்மாள் நேராக எங்களைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பைக்கூட அதுவாகவே சேர்த்திருந்தது. மௌமிதா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எ தோ ஒன்னோ கேவு, சாந்தாதி" என்றாள். இது வேற யாரோ என்று.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்காக ஒரு கிழவி வாசலில் போய் நிற்க வேண்டுமா? அடையாளம் பிசகாத பாட்டியா, ஹோமுக்குப் போகாத அம்மாவா என்று கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெருமையாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். நான் அன்றைக்கு இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று கண் திருப்பியது. இன்னொன்று, பழைய படத்தை அப்படியே வைத்து வண்ணம் மட்டும் ஏற்றியது. இடைவெளி இடைவெளியாகவே இருந்தது, ராஜப்பா தன் மூலைக்குத் திரும்பிப் போயிருந்தார். எதைக் கொடுக்கப்போகிறேன் என்று தெரியாமலேயே இரண்டையும் பையில் வைத்துக்கொண்டேன்.

இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரு படம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று போய்ப் பார்த்ததே கிடையாது. வேலையைக் கொடுக்கிறவர் ஒருவர், நாளெல்லாம் படத்தின் எதிரில் உட்காரப்போகிறவர் வேறொருவர். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன, நாம் கவுண்டரோடு நின்றுவிடுகிறோம். உங்களால் முடிந்தால் எப்போதாவது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். சுந்தரத்தின் அம்மா, கோமதி மாமி, ஹோமுக்குப் போகவில்லை. கேள்வியும் நிற்கவில்லை.

நான் போனபோது சாயங்காலம். பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. கூடத்தில் மூன்று பேர் உட்காருகிற சோபா, அதன் இடது கோடியில், கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு கோமதி மாமி. பாதி உடம்பு சோபாவில் இருந்தது, மீதி கைப்பிடியின் மேல் சாய்ந்திருந்தது. விழுந்துவிடுவாள் என்று எனக்கே பயமாக இருந்தது. எதிர்ச்சுவரில் நான் செய்த படம். சுந்தரம் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். நான் மாமிக்கு எதிரில் ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ யாரும்மா?"

"போட்டோ கடையிலேருந்து வர்றேன் மாமி."

"போட்டோவா?" சுவரைக் காட்டினாள். "அதுல அம்மா பக்கத்துல நிக்கறானே, அவன் யாரு? அண்ணா மாதிரிதான் இருக்கான்."

"அண்ணா இல்லையா மாமி?"

"அண்ணா வந்திருந்தா அம்மா எதுக்கு வாசலைப் பாத்துண்டு நிக்கறா?"

சட்டென்று சொல்லிவிட்டாள். அதே பொய் என் கண்ணில் பட, முப்பது வருடம் தொழில் செய்த நான் எழுந்து கதவருகே போக வேண்டியிருந்தது. பேச்சை மாற்றலாம் என்று வெயில், பஸ் கூட்டம் என்று ஏதோ சொன்னேன்.

"எங்கேருந்து வரே நீ?"

"சாந்த்ராகாச்சி, மாமி."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. மாமி என் கையைப் பிடித்தாள். எலும்பும் தோலுமான கை, பிடி மட்டும் இறுகியிருந்தது.

"சாந்த்ராகாச்சியா? அண்ணா வண்டி அங்கதானே நிக்கறது? நீ பாத்தியோ? கிளம்பிடுத்தா?"

சுந்தரம் சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதை வேண்டாம் என்கிறார் என்று புரியவில்லை. செத்துப்போய்விட்டார் என்று சொன்னால் இந்தக் கிழவி என் கண்ணெதிரில் அழுவாள். வந்துவிட்டார், அதோ படத்தில் நிற்கிறார் என்று சொன்னால் அவள் நம்பப்போவதில்லை. கண் திருப்பிய பிரிண்ட் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். அவளோடு சேர்ந்து காத்து நின்ற ஒரே ஆளையும் நான் அவளிடமிருந்து எடுத்திருப்பேன்.

நான் மற்றதை எடுத்தேன்.

மாமி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அரக்குப் புடவையைத் தடவினாள். பச்சைக் கரைமேல் விரலை ஓட்டினாள். அம்மாவின் மாம்பழப் பட்டு, அந்த நீட்டிய கை, அதற்கப்பால் இருந்த இடைவெளி. விரல் அங்கே வந்து நின்றது.

"இதோ, இடம் விட்டிருக்கா பாரு" என்றாள். "போட்டோக்காரன் கத்தறான். நெருங்கி நில்லுங்கோ, நெருங்கி நில்லுங்கோன்னு. சித்தப்பாகூட வந்து நிக்கப் பாத்தார். அம்மா கையை எடுப்பாளோ? எம்புள்ளை வந்துண்டிருக்கான், இடம் அப்படியே இருக்கட்டும், நீ எடுக்கறதை எடுன்னுட்டா. எனக்குக் கழுத்துல மாலை, திரும்பிப் பாக்க முடியலை. ஆனா அம்மா குரல் கேட்டுண்டே இருந்தது."

அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அண்ணன் வராததைப் பற்றிய பேச்சாகவே அது இல்லை. கல்யாண வீட்டின் அத்தனை அமளியிலும் யாரோ ஒருவர் ஒரு இடத்தைக் கையால் மறித்துப் பிடித்து வைத்திருந்தார்கள், அதைப் பற்றிய பேச்சு. வீடு முழுக்க இருந்தவர்கள் குறையென்று நினைத்த இடத்தைத்தான் இத்தனை காலமும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் நான் அடைத்து வண்ணம் பூசிக் கொடுத்தேன்.

"சொல்லேன்" என்று மறுபடி கையை அசைத்தாள். "வண்டி கிளம்பிடுத்தா?"

"நிக்குது மாமி" என்றேன். "இன்னும் சிக்னல் விழலை."

"அதானே பாத்தேன்" என்றாள் மாமி. கையை விட்டுவிட்டாள். நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் காலியாக இருந்த மெத்தையை உள்ளங்கையால் தட்டிச் சுருக்கத்தை எடுத்துவிட்டாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

சுந்தரம் அதைப் பார்த்தார். மடியில் இருந்த படத்தில் பாட்டியின் கையைப் பார்த்தார், மறுபடி சோபாவில் அம்மாவின் கையைப் பார்த்தார். எத்தனை தடவை அவர் அந்தக் கையை விலக்கி, நடுவுல உக்காரும்மா என்று அதட்டியிருப்பாரோ தெரியாது. உள்ளே போய் மூன்று டம்ளர் காபியோடு வந்தார். எனக்கு ஒன்று கொடுத்தார், அம்மா கையில் ஒன்றை வைத்துப் பிடிக்கச் செய்தார். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அம்மா பக்கத்தில் உட்காரக் குனிந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அந்தக் காலி இடத்தைத் தாண்டி வந்து, தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மாமிக்கு அவர் யார் என்று அந்த நேரத்தில் தெரிந்ததா, தெரியாதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து அவரைப் பார்த்தாள். தப்பாகப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மெத்தை மேலிருந்து தன் கையை எடுத்தாள்.

"ஏன்டா கீழ உக்காந்துண்டிருக்கே? ரொம்பக் களைச்சுப் போயிருக்கே. இங்க வந்து உக்காரு. அவன் வந்தா எழுந்துக்கலாம்."

சுந்தரம் எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.